ஜுமாரியின் வீட்டை நடுரோட்டில் இறக்கிவைத்த கதை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜுமாரியின் வீட்டைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்த மூங்கிலில் ஒரு கணு துருத்திக்கொண்டிருந்தது. அது இடது தோளில் பதிந்து, மறுநாள் தோள் வீங்கி, மூட்டை தூக்க முடியாமல் என் உரக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உங்கள் கெட்ட நேரம்.

தொடக்கம் மட்டும் நிறைய எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது இது:

மலை புகைந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றில் ஆதி நெருப்பு கனன்று, மனிதர்களின் அற்ப ஆசைகளை நோக்கி—

அடித்துவிட்டேன். இந்தோனேசியாவில் எங்கள் தலைக்கு மேலே நிற்கிற சிந்தோரோ மலை தினமும்தான் புகைகிறது. எங்கள் ஊரில் அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. துணி காயுமா என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்ப்போம். அடுத்த தொடக்கம்:

ஜுமாரி ஒரு சோம்பேறி. நாற்பது வயதுக்கு மேலாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளலாம் என்று எழுந்து போவதற்குள்—

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஜுமாரியே கடைக்கு வந்துவிட்டான். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, என்னைப் பத்தி எழுதுறீங்களாமே."

"உன்னைப் பத்தி இல்லடா. உன் வீட்டைப் பத்தி."

"வீட்டைப் பத்தி எழுதுங்க. சோம்பேறின்னு போட்டிருக்கே, வீடா சோம்பேறி?"

"சும்மா இருந்த வீடுதானே. அன்னிக்குத்தான் நடந்துச்சு."

அவன் யோசித்தான். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'நிதானமானவன்' என்று போடச் சொன்னான். போட்டிருக்கிறேன். ஜுமாரி நிதானமானவன்.

2

ஜுமாரியின் அப்பாவிலிருந்து ஆரம்பிப்பதுதான் ஒழுங்கு.

ஜுமாரிக்கு ஒரே ஒரு அக்கா, துகினெம். புருஷன் செத்த பிறகு அவள் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா சாகும்போது ஊர்த்தலைவரையும் எங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொத்தைப் பிரித்தார். வீடு ஜுமாரிக்கு. வீடு நிற்கிற நிலம் துகினெமுக்கு.

இது எங்கள் பக்கத்தில் நடக்கக்கூடியதுதான். எங்கள் மரவீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. தூண்கள் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும்; மூங்கில் தட்டிதான் சுவர்; தரை வெறும் மண். மனசு வந்தால் வீட்டை விற்கலாம், வாங்கியவன் தூக்கிக்கொண்டு போகலாம். மாடு மாதிரி அதுவும் நகரும் சொத்து. அப்பா என்ன நினைத்திருப்பார் என்றால், அவள் நிலத்தை விட்டு இவன் போகமாட்டான், இவன் கூரையை விட்டு அவள் போகமாட்டாள், இருவரும் ஒன்றாகவே கிடப்பார்கள் என்று நினைத்திருப்பார். (அல்லது காய்ச்சலில் உளறியிருப்பார். ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்கிறார்கள்.)

அப்பாவின் கணக்கு ஒரு புறாவால் கெட்டது. ஜுமாரி ஒரு பாட்டுப் புறா வளர்க்கிறான்.* கூண்டை அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கட்டினான். அங்கேதான் குளிராது என்றான். ஒரு வாரத்தில் புறாவின் குரல் கரகரத்துப் போனது.

"என் வீட்டுக்குள்ள எதுக்கு இவ்வளவு புகை?" என்றான் அக்காவிடம்.

அவள் டெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயா வில்லைகள், பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "என் நிலத்து மேல எதுக்குடா உன் வீடு?"

அவ்வளவுதான். இதற்கு மேல் கோபத்துக்குக் காரணம் தேடி நானும் பார்த்துவிட்டேன், இல்லை.

* புறா கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். எடுத்துவிட்டால் சண்டையே இல்லை. ஆனால் இதற்குப் பிறகு அதற்கு வேலை ஒன்றும் இல்லை. மன்னிக்கவும், புறாவே.

2 (மறுபடியும், ஏனென்றால் முக்கியமானதைச் சொல்லவில்லை)

கதையில் எதுவோ பறிபோகிற நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் படிப்பார்கள். இங்கே பறிபோக இருந்தது இதுதான்: வீடு போய்விட்டால் துகினெமுக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. வீட்டோடு போய்விட்டால் ஜுமாரிக்குச் சோறு போட ஆள் இல்லை. அவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அவளுக்குத் திட்டுவதற்கு வேறு யாரும் கிடையாது. இது ஊருக்கே தெரியும். அவர்களுக்கும் தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் பிரச்சினை. இருவருமே அப்பாவின் பிள்ளைகள். "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்வதற்குப் பதிலாக ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

தூக்குவதென்று ஜுமாரி முடிவெடுத்தான். ஊர்த்தலைவர் சுதார்யோ பேட்மின்டன் மைதானத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தில், ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். துகினெமோ காலியாகும் இடத்தில் புகையிலை போடப்போவதாக என் கடைக்கு வந்து உரம் விசாரித்தாள். கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. உரமும் விற்றேன்.

3

எரிமலை வெடிக்கும் பகுதி.

[நகரத்தில் எனக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவர், எரிமலைக் கிராமத்துக் கதை என்றால் நடுவில் ஒரு தடவையாவது வெடிக்க வேண்டும் என்றார். அரைப்பக்கம் வெடிக்கவைத்தேன். ஊர்த்தலைவர் வாங்கிப் படித்தார். "சாம்பல் விழுந்த புகையிலையை எவன் வாங்குவான்? நாளைக்கு வியாபாரி இதைப் படிச்சுட்டு விலையைக் குறைப்பான். எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டேன். மலை வழக்கம்போல இருந்தது.]

4

ஞாயிறு காலை ஊர் ஆண்கள் எல்லோரும் கூடினோம். தூண்களில் மூங்கில் கட்டினோம். அப்பா எப்போதோ ஓடுகளைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருந்ததால் கூரை கனமில்லை. சாமான்களை வெளியே எடுத்துவைத்தாயிற்று. துகினெம் மட்டும் உள்ளே அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரிக்கா. தூக்கப்போறோம்" என்றான் ஜுமாரி.

"தூக்கு. நான் என் நிலத்துலதானே உக்காந்திருக்கேன்."

"அடுப்பு வீட்டைச் சேந்தது."

"அடுப்பு மண்ணுடா. மண்ணு யாருது?"

இங்கே ஊரே நின்றுபோனது. அடுப்பு வீடா நிலமா? தூணுக்கு அடியில் இருக்கும் கல் வீடா நிலமா? அதுவரை வாயே திறக்காத ஆட்கள்கூடச் சட்டம் பேசினார்கள். வாசற்படிக்கு ஒரு கட்சி, கழிவறைக்கு ஒரு கட்சி. கடைசியில் சுதார்யோ கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார்.

"தூக்கினா கூட வர்றது வீடு. வராதது நிலம்."

முதல் பிரதியில் இந்த இடத்தில் அவரை ஒரு ஞானியாக எழுதியிருந்தேன். நரைத்த மீசை, தூரத்துப் பார்வை. பிறகு சந்தேகம் வந்தது. அவருக்கு மீசையே இல்லை. அன்று டிவியில் பேட்மின்டன் இறுதிப்போட்டி. சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்று சொன்னதுதான் அந்தத் தீர்ப்பு. ஆனாலும் நல்ல தீர்ப்பு.

ஒன்று, இரண்டு, மூன்று. தூக்கினோம். வீடு ஒரு முனகலோடு கிளம்பியது. தட்டிச் சுவரின் அடிவிளிம்பு துகினெமின் தலைக்கு மேலாகக் கடந்துபோனது. அவள் கொஞ்சம் குனிந்துகொண்டாள். கரண்டி நிற்கவில்லை. நாங்கள் நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, திறந்த வெளியில், பனிமூட்டத்தின் நடுவில், சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் ஒரு பெண் அடுப்பு முன்னால் உட்கார்ந்து டெம்பே புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது. கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இதை அழகாக எழுத வேண்டும் என்று மிகவும்—

சரி, விடுங்கள்.

5

வீடு தூக்கினால் தூக்கியவர்களுக்கு வீட்டுக்காரன் சோறு போட வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம். மைதானத்துக்குப் பாதி வழியில்தான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது: ஜுமாரியிடம் அடுப்பே இல்லை. தீர்ப்புப்படி அது நிலம். பின்னாலிருந்து பலாக்காய்க் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

"இறக்குங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்டுவிடாதீர்கள். உரக்கடை வைத்திருப்பவர்.

வீட்டை நடுரோட்டில் இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் திரும்பி ஏறினோம். துகினெம் ஒவ்வொருவருக்கும் தட்டு நிறையப் போட்டாள். அத்தனை பேருக்கும் போதுமான சோற்றை அவள் விடியலிலேயே வடித்துவைத்திருந்தாள் என்பதை நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன்.

ஜுமாரி கீழே ரோட்டில், தன் வீட்டு வாசலில், தனியாக நின்றான்.

"அவனுக்கு?" என்று சுதார்யோ கேட்டார்.

"தூக்கினவங்களுக்குத்தான் சோறு. வீட்டுக்காரனுக்கு எந்த ஊர்ல போடுறாங்க?"

அதற்குள் மேலேயிருந்து முட்டைக்கோஸ் லாரி வந்து வீட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னய்யா இது, நேத்து இங்க ரோடு இருந்துச்சே?"

"சாப்பிட்டுட்டு எடுத்துர்றோம்" என்றேன். அவரும் இறங்கி வந்து ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. தட்டோடு எல்லோரும் ஓடினோம். ஓடுவதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு கூரைதான் இருந்தது. ஜுமாரி வாசலை மறிக்கவில்லை. எல்லோரையும் உள்ளே விட்டான். துகினெம் மட்டும் குழம்புச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே மழையில் நின்றாள்.

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"அக்கா" என்றான் ஜுமாரி. "சட்டி நனையுது."

"சட்டிக்காகத்தான் வர்றேன்" என்று சொல்லி உள்ளே வந்தாள்.

6

இங்கே முடித்திருக்கலாம். துகினெம் அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் அதற்கு முன்னால் அவன் அழுதான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். அவள்தான் அழுதாள் என்று எழுதச் சொல்லி ஜுமாரியும் தனியாக வந்து கேட்டுவிட்டுப் போனான். மழையில் முகம் நனைந்தவர்களைப் பற்றி நான் எதையும் எழுதுவதாக இல்லை. லாரி ஓட்டுநருக்கும் ஒரு முடிவு இருக்கிறது: வீடு ரோட்டிலேயே நின்று, அவர் தினமும் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். ஊர்த்தலைவரின் முடிவில் இந்தோனேசியா மூன்று செட்டில் ஜெயிக்கிறது.

நடந்தது என்னவென்றால், மழை குறைந்தது. பனிமூட்டம் இறங்கி ரோட்டையே விழுங்கியது. பின்னால் இன்னொரு லாரியும் ஹாரன் அடித்தது.

"எங்கப்பா கொண்டுபோறது? மேலயா கீழயா?" சுதார்யோ கேட்டார்.

ஜுமாரி அக்காவைப் பார்த்தான். துகினெம் சட்டியைப் பார்த்தாள்.

"அவன் வீடு. அவனைக் கேளுங்க."

"நிலம் அவளுது. அவளைக் கேளுங்க."

"தூக்குங்கப்பா முதல்ல" என்றார் சுதார்யோ. "அப்புறம் பாத்துக்கலாம்."

நாங்கள் வெளியே வந்து தோள் கொடுத்தோம். அவர்கள் இருவரும் வெளியே வரவில்லை. எல்லோரும் இடம் மாறியதில் நான் பக்கச்சுவரின் நடுவில் மாட்டிக்கொண்டேன்; மூக்கு மூங்கில் தட்டியில் ஒட்டிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வீடு எழுந்தது. எந்தப் பக்கம் போவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இருவரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், காலடியும் குரலும் கேட்டன. குரல் போன பக்கம் வீட்டைக் கொண்டுபோனோம்.

"இதுல உப்பே இல்ல."

"நாக்கைக் கழுவிட்டுச் சாப்பிடு. உப்பு இருக்கும்."

"நடந்துக்கிட்டே சாப்பிட்டா எப்படித் தெரியும்?"

"யாரு உன்னை நடக்கச் சொன்னது? கல்லு இருக்கு, காலைப் பாத்து வை."

வீடு இப்போது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது, கதை அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காலுக்குத் தெரியாதா என்பீர்கள். தோளில் வீடு இருந்தால் எல்லாப் பக்கமும் ஏற்றமாகத்தான் இருக்கும். என் கண்ணுக்கு முன்னால் மூங்கில் தட்டி, அதற்குப் பின்னால் இருட்டு, இருட்டுக்குள் இரண்டு பேர் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள்.

நீங்கள்தான் வெளியே நிற்கிறீர்கள். உங்களுக்கு முழு வீடும் தெரியும். எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், கனக்கிறது.