இருநூறாவது விண்ணப்பம்

மதியம் மூன்று மணிக்கு மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான். இருநூறு பேர் சேராவிட்டால் எங்கள் மாலைக் கல்லூரியை இழுத்து மூடிவிடுவார்கள். இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார். ஆபீஸ் எழுத்தராக இருந்து என்ன புண்ணியம், எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்று கூடுமா?

முதல்வரம்மா அசரவில்லை. அசருகிற பிறவியா அது? பத்தொன்பது வயதில் இங்கே தட்டச்சு வேலைக்கு வந்தவர். பகலில் பாடக்குறிப்பு அடித்து, மாலையில் அதே பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஆசிரியராகி, முதல்வர் நாற்காலிக்கே வந்துவிட்டார். பழைய ஆட்களுக்கு அவர் இன்னும் ‘டைப்பிஸ்டம்மா’தான், அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவார். படிப்பைப் பாதியில் விட்டவர்களைத் தேடி இரண்டு மாதமாக ஸ்கூட்டரில் அலைந்தார். தையல்காரி, லாரி டிரைவர், இரண்டு பிள்ளை பெற்ற நர்ஸ் என்று முப்பத்தொரு பேரை வீடு வீடாகப் போய் இழுத்து வந்தார். ஒரே ஒரு ஆளால் அத்தனையும் பாழாவதா?

“அம்மா, என் மச்சான் சும்மாதான் இருக்கான். பேரை எழுதி ஒருநாள் உக்கார வச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே. நாளைக்கு வராத ஆளை இன்னைக்கு எழுத மாட்டேன். பொய்யில நிக்கிற காலேஜ் எதுக்கு?”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பாதியில் விட்டவன்தான். இதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். படிப்பை விட்டு இந்த ஆபீஸில் உட்கார்ந்தேன், இருபத்திரண்டு வருஷமாயிற்று. ஒருமுறை முதல்வரம்மா திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது, “இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பிறகு அவர் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கம், வேறென்ன! ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கையால், ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் பெயரையே எழுதினேன்.

நாலரைக்கு அதை அவரிடம் நீட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தார்.

“என்னய்யா இது, சரிபார்த்தவர் இடத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க? உங்களை நீங்களே சரிபார்த்துக்குவீங்களா?”

பழக்க தோஷம்! அடித்துவிட்டு விண்ணப்பதாரர் இடத்தில் போட்டேன். அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

ஆய்வாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி என்னுடையதில் நின்றார். “ஆபீஸ்ல வேலை பாக்கறவர் இங்கயே படிக்கலாமா?”

“நான் படிச்சேனே சார்,” என்றார் அம்மா. “அன்னைக்கு இருந்த அதே விதிதான் இன்னைக்கும்.”

ஆய்வாளர் விதிப் புத்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தார். கடைசியில் மூடி வைத்துவிட்டு, “இருநூறு. சரியா இருக்கு,” என்று எழுதினார். வராந்தாவில் நின்ற லாரி டிரைவர் அடித்த விசிலில் கட்டடமே அதிர்ந்தது.

ஆறு மணிக்கு வகுப்பு. பெஞ்சில் முழங்கால் இடித்தது. அம்மா வருகைப் பதிவேட்டைத் திறந்து கடைசியாக என் எண்ணைக் கூப்பிட்டார். “உள்ளேன் அம்மா” என்று எழுந்து நின்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

“தட்டினது போதும், எழுதுங்க,” என்று அவர் பலகைப் பக்கம் திரும்பினார். சாக்பீஸை எடுத்து எழுதத் தொடங்கினார். முதல் வரி கோணலாகப் போயிற்று. நானும் அதை அப்படியே, கோணலாகவே எழுதிக்கொண்டேன்.