எண்ணெய் சொட்டாத எஞ்சின்

மாட்டுங்காவில் பத்ரிநாராயணனை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விமானம் ஓட்டியதில்லை. ஒரு விமானக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து, வாங்கியவர்களிடம் மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கியவர். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ ஆள் தெரியாமல் 'கேப்டன்' என்று அழைத்தபோது வாயில் பாயசம் இருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. பாயசம் இறங்கி இருபது வருடமாகிறது.

ஓய்வு பெற்றதும் பழைய விமானங்களின் பெருமையைக் காப்பதற்காக ஒரு கழகம் தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர் அவருடைய மருமகள் ரஞ்சனா. கழகத்தின் மொத்தச் சொத்து ஒரே ஒரு எஞ்சின். எண்பது வயது. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி ஒன்பது சிலிண்டர்கள். குர்லாவில் ஒரு பழைய இரும்புக் கடையில், உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது.

அதை ஓடவைத்தவள் ஹாஃபிஸா. தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நஜிமுதீனின் மகள். விமானப் பராமரிப்புப் படித்துவிட்டு மூன்று வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவள். பதினோரு மாதம் சிலிண்டர் சிலிண்டராகக் கழற்றினாள், துரு எடுத்தாள், வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தாள். உலகத்தில் எங்கும் கிடைக்காத புஷ் வளையங்களை அவளுடைய வாப்பா லேத்தில் கடைந்து கொடுத்தார். போன மாதம் பட்டறைக்குப் பின்னால் அதை முதல்முறை ஓட்டியபோது பக்கத்துக் கிடங்கில் காயப்போட்டிருந்த தோலெல்லாம் கூரைக்குப் பறந்தது. கேப்டன் அன்று வரவில்லை. தாராவி வாசனை அவருக்குச் சைனஸ்.

இத்தனைக்கும் கூலியாக ஹாஃபிஸா கேட்டது ஒரு கடிதம். பெங்களூரில் பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்று அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. வரும் திங்கட்கிழமை. ஒரு முழு எஞ்சினைத் தனியாகப் பிரித்துப் பூட்டியவர் என்று எழுத்தில் இருந்தால்தான் வேலை. கேப்டன் டைப் செய்து வைத்திருந்த கடிதத்திலோ, 'எனது நேரடி மேற்பார்வையில் சில்லறை வேலைகளில் உதவினார்' என்று இருந்தது.

"சார், நீங்க பட்டறைக்கு ரெண்டே ரெண்டு தடவதான் வந்தீங்க. அதுவும் கார்ல இருந்து எறங்கல."

"மேற்பார்வைன்னா மேலேர்ந்து பாக்கறதும்மா. பக்கத்துல நின்னு பாத்தா அது வேடிக்கை."

"உதவியாளர்னு போட்டா அவங்க உள்ளயே விடமாட்டாங்க சார்."

"விழா நன்னா நடக்கட்டும். நீ கேக்கறபடியே மாத்தித் தரேன். கேப்டன் வார்த்தை."

விழா ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் ஒரு சபா மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில். சனிக்கிழமை மாலையே எஞ்சினை டெம்போவில் கொண்டுவந்து, இரும்புச் சட்டத்தில் பந்தலுக்குள் நிறுத்தினார்கள். ஹாஃபிஸா அடியில் இருந்த மூன்று சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கீழே ஓர் அலுமினியத் தட்டை வைத்தாள். இப்படி வட்டமாகச் சிலிண்டர் வைத்த ரேடியல் எஞ்சின் சும்மா நின்றால் எண்ணெய் மெல்ல இறங்கி அடிச் சிலிண்டர்களில் தேங்கும். அதை வடியவிட வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பெல்லரைக் கையால் பல சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அது தெரியாமல் ஓட்டினால் பிஸ்டன் எண்ணெயில் போய் முட்டும், முட்டினால் பிஸ்டனைத் தாங்கும் ராடு வளையும், இல்லாவிட்டால் சிலிண்டர் பிளந்துவிடும்.

இரவு ஏழு மணிக்குக் கேப்டன் வந்து பார்த்தார். வாடகைக்கு எடுத்த சிவப்புக் கம்பளத்தில், தட்டைத் தாண்டி நாலு சொட்டு எண்ணெய்.

"என்ன இது அசிங்கம்? நாளைக்குக் காலம்பற வாத்தியார் வந்து இங்கதான் கலசம் வெக்கப்போறார். கறுப்புத் தண்ணி சொட்டிண்டிருக்கு!"

"சொட்டணும் சார். சொட்டாட்டிதான் பயப்படணும்."

"முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ல என் ஸ்டோர்ஸ்ல ஒரு சொட்டு எண்ணெய் கீழ விழுந்ததில்லை."

"உங்க ஸ்டோர்ஸ்ல எதுவும் ஓடலியே சார்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. கேப்டன் ஜிப்பாப் பையிலிருந்த கடிதத்தை லேசாக வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளினார். ஹாஃபிஸா குனிந்து மூன்று பிளக்குகளையும் மாட்டினாள். காலையில் பூஜைக்கு முன்னால் வந்து வடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் அவளும் நஜிமுதீனும் ஏழரைக்கு வந்தபோது பூஜையே முடிந்திருந்தது. கேப்டனுக்கு ஆறு மணிதான் நல்ல நேரமாகப் பட்டிருக்கிறது. ஒன்பது சிலிண்டருக்கும் சந்தனம், குங்குமம். புரொப்பெல்லரில் ஆளுயர மாலை. மாலையையும் புரொப்பெல்லர் இறக்கையையும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து மஞ்சள் சரடால் கட்டியிருந்தார்கள். பத்து நாற்பத்திரண்டுக்குச் சிறப்பு விருந்தினர் சரடை வெட்டுவார், பொத்தானை அழுத்துவார்.

"சார், பதினஞ்சு நிமிஷம் குடுங்க. பிளக்கக் கழட்டி வடிச்சிட்டு, கையால சுத்திட்டு மாட்டிடறேன்."

"சரடு கட்டியாச்சும்மா. சங்கல்பம் ஆயிடுத்து. இனிமே யாரும் தொடப்படாது."

"யாரும்னா, நானுமா சார்?"

"நான் அப்படிப்பட்டவனே இல்லை. ஜமால்னு எனக்கு ஃப்ரெண்டே உண்டு. மத்தவா ஏதாவது சொல்லுவா, அதுக்குத்தான்."

நஜிமுதீன் முன்னால் வந்தார். "ஐயா, தேங்கிக் கெடக்கும் ஐயா. முட்டிச்சுன்னா பொளந்துரும். பதினோரு மாசமா ராவும் பகலும் கடைஞ்சிருக்கேன்."

"பாய், எஞ்சின் நேத்து ஓடித்தா இல்லையா?"

"போன மாசம் ஓடுச்சு."

"அப்ப இன்னிக்கும் ஓடும். எதிர்மறையா பேசாதீங்கோ." கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "ஹாஃபிஸா, நாளைக்குத்தானே இன்டர்வியூ? ரஞ்சனா லேப்டாப்போட ரெடியா இருக்கா. பதினொரு மணிக்கு நீ கேட்ட வரியப் போட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் நகர்ந்ததும் நஜிமுதீன் மகளின் பக்கம் திரும்பினார். "நான் போயி சரட அறுத்துப்போடுதேன். என்ன செஞ்சிருவான் இவன்?"

"லெட்டர் தரமாட்டான் வாப்பா. சும்மா இருங்க. எல்லா நேரமும் தேங்காது. ஒருவேள தேங்கியிருக்காது."

"நீயாட்டி இதச் சொல்லுத?"



சிறப்பு விருந்தினர் வேங்கடசுப்ரமணியன் விமானப்படையில் இருந்தவர். இதே மாதிரி எஞ்சின் மாட்டிய விமானங்களை நிஜமாகவே ஓட்டியவர். மேடையில் கேப்டன் நாற்பது நிமிடம் பேசினார். ரைட் சகோதரர்களில் ஆரம்பித்துத் தன்னிடம் வந்து சேர்ந்தார். இடைப்பட்ட காலத்தில் விமானத் துறையில் குறிப்பிடும்படி யாரும் இல்லை. ஹாஃபிஸாவைப் பற்றி, "நம்ம தாராவிச் சகோதர சகோதரிகளும் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கைதட்டினார்கள்.

வேங்கடசுப்ரமணியன் கத்தரிக்கோலைக் கையில் வாங்கினார். எஞ்சினைப் பார்த்தார், சிவப்புக் கம்பளத்தைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லாத கம்பளம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கையால சுத்தியாச்சா?"

கேப்டனுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியவில்லை. தெரியாத கேள்விகளை ஸ்டோர்ஸில் எப்போதும் அடுத்த கவுன்ட்டருக்குத்தான் அனுப்புவார். ஹாஃபிஸாவைக் கைகாட்டினார். "பொண்ணு பாத்துண்டா. சுத்தியாச்சோன்னோ?"

வேங்கடசுப்ரமணியன் நேராக அவளிடமே வந்தார். "இன்னிக்குக் காலைல? அடி சிலிண்டரை வடிச்சியாம்மா?"

நஜிமுதீன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டனின் கை ஜிப்பாப் பைமேல் இருந்தது.

"வடிச்சாச்சு சார்," என்றாள் ஹாஃபிஸா. "சுத்தியாச்சு."

சரடு அறுந்தது, மாலையைக் கழற்றினார்கள், பொத்தானை அழுத்தினார்கள். ஸ்டார்ட்டர் முனகியது. புரொப்பெல்லர் கால் சுற்று நகர்ந்தது, மேல் சிலிண்டர்கள் இரண்டு புகை கக்கிப் பிடித்தன. கூட்டம் கைதட்டத் தொடங்கிய அதே நொடியில் அடியிலிருந்து சம்மட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். புரொப்பெல்லர் அப்படியே நின்றது. ஐந்தாவது சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, பதினாறு மணிநேரத்து எண்ணெய் முழுவதும் கம்பளத்தில் கொட்டியது. தண்டு வளைந்துவிட்டது என்பது ஹாஃபிஸாவுக்கும் நஜிமுதீனுக்கும் சத்தத்திலேயே தெரிந்தது. இனி அது எடைக்குத்தான் போகும்.

வேங்கடசுப்ரமணியன் குனிந்து எண்ணெயைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஹாஃபிஸாவைப் பார்த்தார். நேராகக் காரை நோக்கி நடந்தார். கேப்டன் பின்னாலேயே ஓடினார்.

பதினொரு மணிக்குக் கேப்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடிதத்தை ரஞ்சனா புதிதாக டைப் செய்திருந்தாள். ஹாஃபிஸா அதைப் படித்தாள். 'இந்த எஞ்சினைப் பிரித்தது, பூட்டியது, விழா நாளன்று இயக்கத்துக்குத் தயார் செய்தது அனைத்தையும் செல்வி ஹாஃபிஸா தனியாக, முழுப் பொறுப்பில் செய்தார். எனக்கோ கழகத்துக்கோ இதில் எந்தத் தொழில்நுட்பப் பங்கும் இல்லை.' கீழே அன்றைய தேதி, கையெழுத்து, முத்திரை.

"நீ கேட்டதுக்கு மேலயே போட்டிருக்கேன்," என்றார் கேப்டன். "ஒரு வார்த்தை பொய் கிடையாது. பெங்களூருக்கும் ஒரு காப்பி போயாச்சு. கூடவே இன்னிக்கு எடுத்த வீடியோவும். எதையும் மறைக்கறது நம்ம கழகத்துக்குப் பழக்கமில்லை."

டெம்போவில் எஞ்சினை ஏற்றிவிட்டு நஜிமுதீன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஹாஃபிஸா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"லெட்டரு தந்துட்டாரா?"

"தந்துட்டார் வாப்பா."

"நீ கேட்ட மாதிரியே எழுதிருக்கா?"

"அப்படியே."

"பத்திரமா வையி," என்றார் நஜிமுதீன்.