ஒரு கோட் கறுப்புப் பெயின்ட்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் பட்டறைக்கு வருகிற டயரெல்லாம் மொட்டையாகத்தான் வரும். பழைய ரப்பரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து லாரிக்காரனிடம் கொடுப்பது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அப்படிப்பட்டவன் முன்னால் நான்கு புத்தம்புது கார் டயர்களை இறக்கிவைத்து, "முனிகிருஷ்ணண்ணா, இதுல பாதி பட்டனைத் தேச்சி எடுத்துடு" என்று வினோதா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டன் என்றால் டயர் முகத்தில் கட்டம் கட்டமாகத் துருத்தி நிற்கிற ரப்பர்.

"புது டயரை எவனாவது தேய்ப்பானா? உனக்கு இன்னா கிறுக்கா?"

"பட்டன் ஒசரமா இருந்தா திருப்பத்துல ஆடும்ணா. கம்மியா இருந்தா கெட்டியா நிக்கும். எட்டு மில்லிய நாலாக்கிக் குடு, போதும்."

வினோதா திருவாலங்காட்டுப் பெண். வீட்டில் நெல் விவசாயம். அவளுக்குக் கும்மிடிப்பூண்டியில் பம்பு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய மாருதியோடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கிளப்காரர்கள் காலி யார்டில் கோன்களை நட்டுவைப்பார்கள். அதற்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. மூன்று வருஷமாக அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த தபா மொத அஞ்சு பேருக்குள்ள வந்தா ஸ்டேட் ரவுண்டு. இல்லாங்காட்டி காரை வித்துட்றேன்னு நைனா கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பெண்.

மிஷினில் ஏற்றி, அளவுக் கருவியை வைத்து வைத்துப் பார்த்து, கால் மில்லி பிசகாமல் தேய்த்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அவற்றைக் காரில் மாட்டி பைபாஸில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, சூட்டோடு கழற்றி என் பட்டறை மூலையில் சாய்த்து வைத்தாள்.

"ஒரு நாள் முழுக்க இப்டியே கெடக்கட்டும்ணா. சூடு ஏறி ஆறினாத்தான் ரப்பர் இறுகும். யாரும் தொடக்கூடாது."

நான் தொட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பட்டறையை விட்டுப் போகிற டயருக்கு ஒரு கோட் கறுப்புப் பெயின்ட் அடிக்காமல் அனுப்பமாட்டோம். லாரி டயரில் அது பத்து கிலோமீட்டரில் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. இந்த நான்கும் சாம்பல் பூத்து, தேய்த்த கீறலோடு கிடந்தன. முனிகிருஷ்ணன் பட்டறைச் சாமான் இந்தக் கோலத்திலா நாலு பேர் முன்னால் போகும் என்று கை துறுதுறுத்தது. பக்கவாட்டில் அடித்தேன். கீறல் தெரிந்த ஓரப் பட்டன்களின் மேலேயும் இழுத்துவிட்டேன். திருப்பத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்த ஓரம்தான். அது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் வந்தவள் சிரித்துவிட்டாள். "இன்னாண்ணா, கல்யாண மாப்பிள்ள மாதிரி ஆக்கி வெச்சிகீற." பக்கவாட்டில் மட்டும்தான் அடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. யார்டில் போய்த்தான் மாட்ட வேண்டும் என்று நான்கையும் காருக்குள் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் போட்டி நடக்கிற கும்மிடிப்பூண்டி யார்டுக்குப் போனேன். டயர் ரெடி பண்ணியது யார் என்று கிளப் பையன்கள் கேட்க, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு "நான்தான்" என்றேன். ஆளுக்கு இரண்டு ரன். நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு.

முதல் ரன்னில் அவள் இரண்டாவது கோனில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் திரும்பவில்லை. நேராக வழுக்கிப்போய், பின்பக்கம் சுற்றி, மூன்று கோன்களைச் சாய்த்துவிட்டு நின்றது.

வண்டியை ஓரம் கட்டி இறங்கினாள். நான் குந்தி டயரைப் பார்த்தேன். ஓரத்துப் பெயின்ட் இழை இழையாக உரிந்து திரண்டிருந்தது. கையால் வழித்தேன், வந்துவிட்டது. அடியில் ரப்பர் சுத்தமாக இருந்தது. இனி வழுக்காது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பழகின திருப்பம்ணா. என் கைதான் தப்பு பண்ணிச்சு" என்றாள்.

அடுத்த ரன்னுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. 'உன் கை இல்லம்மா, என் பெயின்ட். இப்ப போயிடுச்சு, தைரியமா ஓட்டு' என்று சொல்ல அரை நிமிஷம் போதும். கிளப் பையன்கள் சுற்றி நின்றார்கள். உரிந்த பெயின்டை உருட்டி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "உடும்மா, அடுத்த ரன்ல பாத்துக்கலாம்" என்றேன். என்ன மனுஷன் நான்.

இரண்டாவது ரன்னில் ஒவ்வொரு கோனுக்கும் பிரேக் பிடித்தாள். டயர் கல்லு மாதிரி நின்றது, அவள்தான் நம்பவில்லை. ஒன்பதாவது இடம். இரண்டு வாரத்தில் காரை விற்றுவிட்டாள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாளாவது போய்ச் சொல்லியிருக்கலாம். லோடு இருக்கிறது, கரண்ட் இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் திருவாலங்காடு போனேன். களத்தில் நின்ற அவள் அப்பா வீரராகவன், "டிராக்டரைக்கூடத் தொட மாட்டேங்குதுப்பா. கேட்டா, எனக்கு வண்டி வராது நைனான்னுது" என்றார்.

உள்ளே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டாவது ரன்னுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தீனா, பெயின்ட் அடிச்சதுக்கு உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேண்ணா" என்றாள். "எனக்கு ஓட்ட வராதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன், இத்தினி நாளா."