திமிலுக்குச் சுட்ட பீரங்கி

ஆல்ப்ஸ் மலையடிவாரத்து எங்கள் ஷாமோனியில், யாராவது மோன் பிளாங் மலை உச்சியில் நின்றால் ஓட்டல்காரன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுப் பீரங்கி சுடுவான். ஊருக்கே கொண்டாட்டம். எனக்கு அந்தச் சத்தத்தில் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. முதன்முதலில் மேலே போன இரண்டு பேரில் யார் முன்னால் கால் வைத்தது என்று என் தாத்தா காலத்திலிருந்து சண்டை போடுகிற ஊர் இது.

அந்த ஆகஸ்டில் என் முறை வந்தது. இங்கே வழிகாட்டியை யாரும் பொறுக்கி எடுக்க முடியாது. வரிசையில் அடுத்து எவனோ அவன்தான். மலையேற வந்திருந்த லியோன் நகரத்துப் பட்டு வியாபாரி பெர்த்தியே என் நரைத்த தாடியைப் பார்த்து முகம் சுளித்தார். வழிகாட்டிகளின் தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஆன்செல்ம், போன தடவை பாதியில திரும்பிட்ட. இந்தத் தடவையும் உச்சி தொடலேன்னா வழிகாட்டிப் பட்டியல்லேர்ந்து உன் பேரை அடிச்சிடுவேன்."

"நான் வந்தப்புறம் அடிங்க," என்றேன்.

உதவிக்கு என் அக்கா மகன் ஸகாரி. பாறைக் குடிசையில் படுத்து எழுந்து, கோடாரியால் படி வெட்டி வெட்டி, ஒட்டகத் திமில் என்று நாங்கள் சொல்லும் பனிமுகட்டில் ஏறினோம். உச்சி இன்னும் மேலே இருந்தது. அப்போது மேகம் விலகியது. பள்ளத்தாக்கில் வெள்ளைப் புகை கிளம்பியது. சற்றுப் பொறுத்து, பலகையைத் தட்டினாற்போல் சத்தம்.

ஸகாரி சிரித்தான். "மாமா, நாம உச்சிக்கு வந்துட்டோமாம்! நமக்குத்தான் தெரியல."

பெர்த்தியே பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப முடிஞ்சுது. ஊரே ஒத்துக்கிட்டாச்சு. இறங்கலாம்."

இறங்கியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும், ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் மற்றவர்களுக்குச் சுட்ட பீரங்கியையெல்லாம் ஆயுசு முழுக்க ஏளனம் செய்த வாய் இது.

"அவன் சுட்டது திமிலுக்கு," என்றேன். "நீங்க கடையில முக்கால் கஜத்தை ஒரு கஜம்னு விப்பீங்களா?"

"யோவ் கிழவா! என் கடையில வந்து கேட்டுப் பாருய்யா!" கோபத்தில் எழுந்து நின்றார்.

எழுந்தவரை நான் மறுபடி உட்கார விடவில்லை.

உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்கியது. இத்தாலிப் பக்கம் சமவெளி வரைக்கும் தெரிந்தது. பெர்த்தியே கீழே பார்த்துக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். புகையே இல்லை. எல்லோரும் குடிக்கப் போயிருப்பார்கள்.

மறுநாள் ஓட்டல் வாசலில் ஓட்டல்காரன் ஒயின் கோப்பைகளோடு ஓடி வந்தான். "மூணு பேரையும் உச்சியில என் கண்ணால பார்த்தேன்!"

"நீ பார்த்தப்ப நாங்க திமில் மேலதான் நின்னோம். உச்சிக்கு இன்னொரு வெடி பாக்கி. போடு."

ஸகாரி என் முழங்கையைக் கிள்ளினான். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா மாமா?"

தலைவர் புருவத்தைத் தூக்கினார். "அப்ப உச்சி தொட்டியா, இல்லையா? நாங்க யாரும் பாக்கலையே."

பெர்த்தியே கோப்பையைக் கீழே வைத்தார். வெயிலில் வெந்து அவர் மூக்கு உரிந்திருந்தது.

"தொட்டோம். இந்தக் கிழவன் என்னைத் திட்டித் திட்டியே மேல கொண்டு போனான். வெடி போடற வரைக்கும் இந்த ஒயினைத் தொட மாட்டேன்."

தலைவர் அதற்குமேல் என் பெயரைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டல்காரன் முணுமுணுத்துக்கொண்டே பீரங்கியில் வெடிமருந்தைக் கெட்டித்தான்.

அன்றைக்கு மலையில் ஒரு ஆளும் கிடையாது. சத்தம் கேட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, யார் நிற்கிறது என்று உச்சியில் தேடினார்கள்.

"அங்க இல்ல, இங்க," என்றேன்.