இடப்பக்கச் சாய்வு

வீடு மாற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். ஒரு பழைய பிக்கப் வண்டி, நாலு கயிறு, கிழிந்த போர்வைகள் ஒரு மூட்டை, இவ்வளவுதான் முதல். அன்று ஒரு டீச்சர் வீட்டுச் சாமான்களை ஏற்றி முடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி பீரோவுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் டீச்சர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்னங்க, வண்டி இடது பக்கமா சாயுதே?"

பல வருஷமாகச் சொல்லி வந்த பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. 'எங்க வீட்டம்மா உக்காந்த பக்கம்ங்க. வண்டி அவளுக்கு வணக்கம் போடுது.' வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். வீட்டம்மா போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

"பாக்கணும்ங்க," என்று மட்டும் சொன்னார்.

ஸ்பிரிங் வேலைக்கு அவருக்குத் தெரிந்த நல்ல ஆள் ஒருவன்தான். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும், "இவ்வளவு லேட்டா கொண்டு போய்க் காட்டினா டாக்டர் என்ன பண்ணுவாரு?" என்று கேட்டவன். கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் அவர் அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தார்.

மறுநாள் காலையில் போனார். மச்சான் பட்டறை வாசலில் டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "வாங்க," என்றான். அத்தான் என்று சேர்க்கவில்லை.

"வண்டி சாயுது."

"எப்ப இருந்து?"

"ரொம்ப வருஷமா."

மச்சான் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னான். பின்னால் கிடந்த கயிறு, ஸ்டெப்னி, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் இறக்க வைத்தான். நாலு டயருக்கும் காற்று பார்த்தான். சரியாக இருந்தது. அப்புறம் டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு வளைவு வரை ஒவ்வொரு பக்கமாக அளந்தான். அளந்ததையே இன்னொரு தடவை அளந்தான்.

"முன்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணாதான் இருக்கு. பின்னாடி இடதுதான் ரெண்டரை இஞ்சு இறங்கியிருக்கு."

"உங்கக்கா உக்காந்து உக்காந்து..." என்று அவர் தொடங்கினார்.

"முன்சீட்ல உக்காந்தா பின்பக்கம் எப்படி இறங்கும்?"

அவர் முன்னால் இடப்பக்கச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணமான புதிதிலிருந்து அவளும் வண்டியில் வருவாள். உடையக்கூடிய சாமான் எல்லாம் அவள் மடியில்தான். கடிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு தடவை தண்ணீரோடு மீன்தொட்டி. குழந்தை பிறந்த பிறகு உடம்பு கொஞ்சம் போட்டாள். அதற்கும் சில வருஷம் கழித்துத்தான் வண்டி சாய ஆரம்பித்தது. சாமான் ஏற்றும் வீடுகளில் அவர் அந்த வணக்கக் கதையைச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு மேடு வந்தால் இறங்கி நடந்து வந்தாள். பிறகு, "முட்டி வலிக்குதுங்க, நீங்க போயிட்டு வாங்க," என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் வராத பிறகும் வண்டி சாய்ந்தது. இத்தனை வருஷ பாரத்தில் படிந்துபோனது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மச்சான் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, கட்டை வைத்து, அடியில் படுத்தான். சுத்தியலால் மண்ணைத் தட்டினான். கிளாம்பைக் கழற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது. ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்ததும் இரண்டாவது பட்டை துண்டாக அவன் கையோடு வந்தது.

"இங்க பாருங்க. புதுசா ஒடிஞ்சிருந்தா உள்ள பளபளன்னு இருக்கும். இது கருத்து, துரு ஏறி, பாறை மாதிரி ஆயிடுச்சு. ஒடிஞ்சு பல வருஷம் இருக்கும். இடது பக்கம் கனமா எதையாவது போட்டீங்களா?"

அவருக்கு உடனே நினைவு வந்தது. ஒரு கடைக்காரரின் இரும்புப் பெட்டி. இறக்கும்போது கயிறு நழுவி, பின்பக்க இடது மூலையில் விழுந்தது. வண்டி ஒரு குதி குதித்து அடங்கியது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடைக்காரர் சந்தோஷப்பட்டார். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. அந்த மாதம்தான் அவர் முதல் தடவை அந்தக் கிண்டலைச் செய்தார்.

"நான் கிண்டல் பண்ணதுக்கு அப்புறம் அவ ராத்திரிச் சாப்பாட்டை விட்டா, மச்சான்," என்றார். "உடம்பு இளைக்க ஆரம்பிச்சப்ப, பரவால்லையே, பட்டினி வேலை செய்யுதுன்னு நான் பாராட்டினேன். வியாதின்னு தோணல. அவளுக்கும் தோணல. சந்தோஷமா இருந்தா."

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். மச்சான் கையில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா ஒருநாள் இங்க வந்தா," என்றான். "நெசமாவே என் வெயிட்டுக்குத்தான் வண்டி சாயுதாடா, நீ ஒரு தடவை பாரேன்னு கேட்டா. கைல வேலை இருந்துச்சு. சாயாம என்ன பண்ணும், ரெண்டு பேரு எடம் புடிக்கிறியேன்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சுட்டுப் போயிட்டா." கண்ணைத் தோளில் துடைத்தான். "பத்து நிமிஷ வேலை அத்தான். டேப்பை வச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும். உங்களைக் கேள்வி கேட்க நான் யாரு?"

வெளியே ஒரு தண்ணி லாரி போனது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி சாயும் என்று இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டான் மச்சான். அவர் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார். மதியம் அவன் சாப்பாட்டை இரண்டாகப் பங்கிட்டு அவரிடம் தள்ளினான். மாலையில் வண்டி நேராக நின்றது. இருவருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கிளம்பும் முன் அவர் கேட்டார். "அவ துணியெல்லாம் அப்படியே இருக்கு. என்னால தனியா எடுக்க முடியல. ஒரு நாள் வரியா?"

"ஞாயித்துக்கிழமை வரேன், அத்தான்."

வந்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புடவையாக மடித்தார்கள். இது எப்போது எடுத்தது, அது யார் கொடுத்தது என்று பேசிப் பேசி, மதியத்துக்குள் அலமாரியில் ஒரு தட்டைத்தான் காலி செய்ய முடிந்தது. மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினார்கள்.