பாலம் தாண்டும்வரை

...ஊதினேன், திரியை இறக்கிவிட்டு ஊதினேன், அந்தப் புகை வாசம் மூக்கில் இருக்கிறது, ஆனால் அது நேற்றைய வாசமாகவும் இருக்கலாம், தினமும் அதே மண்ணெண்ணெய் அடுப்பு, அதே புகை, எது இன்றையது என்று எப்படிச் சொல்வது. மிதி. திரும்பாதே. சைக்கிள் முன்கம்பியில் மகள் ஜெயா உட்கார்ந்திருக்கிறாள், ஐந்து வயது, அவளைச் செமாபோக்கில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும், அவ்வளவுதான், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் பாதியில் திரும்பி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை, ஒட்டினாற்போல் அடுத்த வீடு, அங்கே ஒரு கைக்குழந்தை... நினைக்காதே. என் மனைவி கோகிலா தீயில் சாகவில்லை. ஜுரத்தில் செத்தாள், ஆஸ்பத்திரியில். அவள் இருந்தவரை வீட்டில் அடுப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் பாதி வழியில் திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்தேன், மறுநாளும், பிறகு பார்த்துவிட்டு வந்த பின்னும் மறுபடியும்... சிங்கப்பூரில் கல்லூரியில் தர்க்கம் படித்தவன். அணைந்த அடுப்பு தானாகப் பற்றாது. சரி. அணைத்தேன் என்பதற்கு என்ன சான்று?

காஜா பெராங் சாலை முனையில் தேவதாஸ் காப்பிக் கடை, வழக்கமாக நான் சைக்கிளைத் திருப்பும் இடம், சுதந்திர விழாவுக்கு மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "என்ன வாத்தியாரே, இன்னைக்கு பாலிக் இல்லையா, வீட்டுக்குத் திரும்பலையா? திரும்பித் திரும்பி ஓடுறீங்களே, அப்படி யாரத்தான் வீட்டுல பூட்டி வச்சிருக்கீங்க?" பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் தேவதாஸுக்கே கோகிலாவின் நினைவு வந்துவிட்டது. "அடச்சே... மனசுல வச்சிக்காதீங்க, வாத்தியாரே." எதை வைத்துக்கொள்வது? துக்கம்கூட வருவதில்லை, பயம் மட்டும் தவறாமல் வருகிறது, அதையும் விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்... "அப்பா, திரும்பலையா?" "இல்லம்மா." "அடுப்பு?" அது என் குரல். சின்னத் தொண்டையில் என் குரல். போன ஞாயிறு அக்கா வீட்டுக் கொல்லையில் ஜெயா கொட்டாங்கச்சியில் அடுப்பு வைத்து விளையாடினாள், வெளியே போனாள், திரும்பி வந்து குனிந்து தொட்டுப் பார்த்தாள், போனாள், வந்தாள், போனாள், கடைசிவரை ஒன்றும் சமைக்கவே இல்லை. "உன் மவ வீட்ட நல்லாத்தான் காக்குறாடா தம்பி" என்று அக்கா சிரித்தாள். இந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன், எனக்காக அல்ல.

புங்கா ராயா கடைத்தெருவில் கூட்டம், எங்கோ மணி அடிக்கிறது, தீயணைப்பு வண்டியா, எங்கள் பக்கம்தானா, இல்லை, ரொட்டிக்காரன், ரொட்டிக்காரன்தான்... ஜெயாவின் விரல்கள் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, முட்டி வெளுக்கும் அளவுக்கு, என் விரல்களும் அப்படித்தான். பாலம் ஏறும்போது கேட்டாள், முகத்தைத் திருப்பாமல். "நீங்க பாத்தீங்களாப்பா? நெசமா பாத்தீங்களா?" பார்த்ததாக நினைக்கிறேன் என்பதுதான் உண்மையான பதில். அந்தப் பதிலைக் கேட்டால் நாளைக்கு அவளே இறங்கி ஓடுவாள், மறுநாளும், இருபது வயதிலும்... "பாத்தேன். அணைஞ்சிருச்சு." விரல்கள் தளர்ந்தன. கீழே ஆற்றில் விறகு ஏற்றிய படகு ஒன்று. "அப்பா, அந்தப் படகுல நாய் நிக்குது! அது கடலுக்குப் போவுமா?" போகும் என்றேன்.

வாசலிலேயே அக்கா நின்றாள். "என்னடா, இன்னைக்கு நேரத்தோட வந்துட்ட, மழ கொட்டப் போவுது பாரு." ஜெயா கீழே குதித்து, "அடுப்பு அணைஞ்சிருச்சு அத்தே, அப்பா பாத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை, எப்போதும் பார்ப்பாள். "ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு? தண்ணி குடிச்சிட்டுப் போ." வேண்டாம் என்றேன். இவ்வளவு நாள் நான் பயந்தது தீக்கு. இது வேறு. அவள் நம்பிவிட்டாள், முழுசாக, நான் பார்த்தேனா என்று எனக்கே தெரியாத ஒன்றை. அது பொய்யாகிவிட்டால், இனி யார் எதைச் சொன்னாலும் அவள்... பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வந்த வழி மறுபக்கம். இப்போது திரும்பிப் போனால் அது பழைய பழக்கமா, மகளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போவதா? நெஞ்சு அடிப்பதை வைத்துச் சொல்ல முடியவில்லை, இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது.