பேட்டரி தீர்ந்த பிறகு ஓர் அழைப்பு

எங்கள் வீட்டில் யாருக்கும் விலையைக் குறைக்கத் தெரியாது. வாங்க வந்தவர் விலையைக் கீழே இழுக்க இழுக்க, நாங்கள் பொருளின் பெருமையை மேலே ஏற்றுவோம். பெருமைக்கு அடக்கவிலை கிடையாது. அப்பா குடை விற்றார். விடாமல் பேரம் பேசுகிறவரிடம் "இடி விழுந்தாலும் தாங்கும்" என்பார். இடி விழுந்த எவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

நான் விற்பது தூக்கிப்போடும் போன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. சார்ஜ் போட ஓட்டை இல்லை, தீர்ந்தால் குப்பைக்கூடை. அட்டையில் 'முப்பது நாள் உழைக்கும்' என்று அச்சடித்திருக்கும். பேசாமல் வைத்திருந்தால் முப்பது நாள், பேசினால் மூன்று நாள். அந்தப் பொய் கம்பெனிக்காரனுடையது. என்னுடையது வேறு. ஒருநாள் ஓர் அம்மாள் பேரத்தில் கழுத்தை நெரித்தபோது தானாக வாயில் வந்தது: "பேட்டரி சுத்தமா தீர்ந்தாலும் அவசரத்துக்கு ஒரே ஒரு கால் போகும்மா. அதுக்குன்னு உள்ளே தனியா ஒதுக்கி வச்சிருக்கான்."

அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனார். அன்றிலிருந்து அதுதான் என் கடைசி அஸ்திரம். "போகலியே" என்று யாராவது வந்தால், "நெஜமாவே அவசரமா?" என்று கேட்பேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் எண்ணி வைத்த நூறு.

"நூத்தி இருபதா? என் கடைச் சட்டைப் பட்டனே இதைவிட கெட்டியா இருக்குமேப்பா."

"பட்டனைப் பாக்காதீங்கண்ணே, உள்ளே இருக்கறதைப் பாருங்க" என்று என் அஸ்திரத்தை எடுத்துவிட்டேன். அவர் முகம் இளகுகிற நேரத்தில் அத்தான் போனில் கூப்பிட்டார்.

அத்தான் லிப்ட் மெக்கானிக். போன வாரம் தன் போனை லிப்ட் குழியில் தவறவிட்டதால், அக்கா என் கடையிலிருந்து ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்திருந்தாள். அவரிடம் நான் எந்தப் பெருமையும் பேசவில்லை. என் கடையில் டீ குடித்துக்கொண்டே, மற்றவர்களிடம் நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவரே நம்பிவிட்டிருந்தார்.

"மாப்ளே, லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. உள்ள இருக்கற மணியும் அடிக்கலை. அந்த மணியைச் சரி பண்ணத்தானே வந்தேன்!" சிரித்தார். சிரிப்பு இருமலானது. "எல்லாரும் பூட்டிட்டுப் போயிட்டாங்க, திங்கக்கிழமைதான் வருவாங்க. என் மூச்சு மருந்து வேற பையோட வெளிய இருக்கு."

"எந்தக் கட்டடம் அத்தான்?"

"அதை தீயணைப்புக்காரங்ககிட்ட சொல்லிக்கறேன். இதுல பேட்டரி ஒரு கோடுதான் இருக்கு. அது போனாலும் கடைசிக் கால் இருக்குல்ல, அதை அவங்களுக்குன்னு வச்சிருக்கேன். நீ அக்காகிட்ட பக்குவமா..."

அப்படி ஒன்று கிடையாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தையல்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விடும் நேரம் தயங்கினேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "அத்தான், அது பொய்" என்றேன். அதற்குள் போன் ஊமையாகிவிட்டது.

திருப்பிக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. அவர் கம்பெனிக்குப் போட்டால், என் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பதிவுக்குரல் திங்கட்கிழமை வரச்சொன்னது. தீயணைப்பில் ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எந்தக் கட்டடம் சார்?"

"தெரியலை."

"ஊர்ல எத்தனை லிப்ட் இருக்குன்னு தெரியுமா சார்? இடம் தெரிஞ்சதும் கூப்பிடுங்க, உடனே வர்றோம்."

அக்காவுக்கும் இடம் தெரியவில்லை. வேலைச் சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருக்குமாம்.

"ஏன்டா பதறுறே? அவர்கிட்டதான் கடைசிக் கால் இருக்கே."

"அக்கா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லை. நான் கட்டிவிட்ட கதை."

அக்கா சிரித்தாள். "ஓசியில குடுத்தது உறுத்துதா? அதை மட்டம் தட்டிட்டு பெரிய போனா தலையில கட்டப் பாக்குறியா? அக்காகிட்டயேவாடா வியாபாரம்!" வைத்துவிட்டாள். அடுத்த மூன்று முறையும் எடுக்கவில்லை.

தையல்காரர் இன்னும் நின்றிருந்தார். ஒருவரிடமாவது உண்மை செல்லுபடியாகட்டும் என்று நினைத்தேன்.

"அண்ணே, நான் சொன்னது பொய். பேட்டரி தீர்ந்தா இது வெறும் டப்பா. வாங்காதீங்க."

அவர் கண்ணைச் சுருக்கி என்னை அளவெடுத்தார். மெல்லப் புன்னகைத்தார்.

"நூறுக்குக் குடுக்க மனசில்லை, அவ்வளவுதானே? நூத்திப் பத்து."

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"பெரிய ஆள்தாம்ப்பா நீ. சரி, உன் விலைக்கே ரெண்டு எடுத்துக்கறேன்."

பணத்தை மேசையில் வைத்து, தானே இரண்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் கடைக்கதவை இழுத்துவிட்டுத் தெருவில் நின்றேன். இரண்டு பக்கமும் கட்டடங்கள், எல்லாம் நாலு மாடிக்கு மேல். எந்தப் பக்கம் ஓடுவது? அத்தான் எண்ணை மறுபடி அழுத்தினேன். அணைந்தேதான் இருந்தது.

எதிர்க்கடை வாசலில் தையல்காரர் யாருக்கோ போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "தீர்ந்தாலும் ஒரு கால் போகும். எவ்வளவு கேட்டும் விக்கவே மாட்டேன்னுட்டான்னா பாரேன்!"